எலியட் ஸ்மித்தின் பாட்டைப் பற்றிப் பேச ஓர் இழை

சிற்றலை எழுதியது:

எலியட் ஸ்மித் என்ற அமெரிக்கப் பாடகரைப் பற்றிப் பேச்செடுத்தாலே மூன்றாவது வாக்கியத்துக்குள் அவருடைய சாவு வந்துவிடுகிறது. அதற்கப்புறம் அவர் எழுதிய பாட்டெல்லாம் அந்தச் சாவுக்கு முன்கூட்டியே எழுதிவைத்த குறிப்பாகிவிடுகிறது. இது பெரிய அநியாயம். 1993க்கும் 2000க்கும் நடுவில் எட்டு ஆல்பங்கள்: ஹீட்மைசர் குழுவோடு மூன்று, தனியாக ஐந்து. விடாமல் உட்கார்ந்து பாட்டுக் கட்டியவருக்குத்தான் இது முடியும். அந்த உழைப்பைப் பற்றிப் பேசத்தான் இந்த இழை.

புதிதாக வருகிறவர்களுக்காகச் சுருக்கமாக: 1969 ஆகஸ்ட் 6ஆம் தேதி நெப்ராஸ்கா மாநிலத்தின் ஒமாஹாவில் பிறந்தார். இயற்பெயர் ஸ்டீவன் பால் ஸ்மித். டெக்சாஸில் டாலஸ் பக்கத்தில் அம்மாவோடும் அம்மாவின் இரண்டாவது கணவரோடும் வளர்ந்தார். அந்த வீட்டில் அவருக்கு நிம்மதி இல்லை. பதினான்கு வயதில் ஓரிகானின் போர்ட்லாந்துக்கு, அப்பாவிடம் போய்விட்டார். மாசசூசெட்ஸில் ஹாம்ப்ஷயர் கல்லூரியில் தத்துவமும் அரசியலும் படித்து 1991இல் முடித்தார். அங்கே பழக்கமான நீல் கஸ்டோடு போர்ட்லாந்துக்குத் திரும்பி ஹீட்மைசரை ஆரம்பித்தார். அது சத்தமான கிட்டார் குழு. அந்த ஊரிலும், மேலே சியாட்டிலிலும் அப்போது கிரஞ்ச் என்ற கரடுமுரடான ராக் இசைதான் எல்லாம்.

அந்தச் சத்தத்துக்கு நடுவில் ஒரு வீட்டின் பேஸ்மென்ட்டில் உட்கார்ந்து, நான்கு டிராக் (தனித்தனி ஒலித்தடம்) மட்டுமே உள்ள கேசட் ரெக்கார்டரில் மெதுவாகப் பாடிப் பதிந்தவைதான் 1994இல் ‘ரோமன் கேண்டில்’ ஆக வந்தன. மிஞ்சிப்போனால் ஒன்றிரண்டு பாட்டோடு ஒரு சிங்கிள் வரும் என்று அவர் நினைத்திருக்கிறார். கேவிட்டி சர்ச் என்ற உள்ளூர் நிறுவனம் கேசட்டைக் கேட்டுவிட்டு மொத்தமாகவே வெளியிட்டுவிட்டது. ஒன்பது பாட்டில் நான்குக்குத் தலைப்புகூடக் கிடையாது. ‘நோ நேம்’ 1, 2, 3, 4 என்று எண் மட்டும்தான்.

உங்களுக்குப் பிடித்த பாட்டு எது, அது எப்படி வேலை செய்கிறது என்று எழுதுங்கள்.

ஆறாம் கம்பி எழுதியது:

இப்படி ஓர் இழைக்காகத்தான் காத்திருந்தேன். கிட்டார் பற்றி நான் ஆரம்பிக்கிறேன்.

1995இல் வந்த இரண்டாவது ஆல்பத்தின் (ஆல்பத்துக்கும் அவர் பெயர்தான்) முதல் பாட்டு ‘நீடில் இன் தி ஹே’. டிரம்ஸ் இல்லை. கை நிற்காமல் ஒரே சீராகத் தட்டிக்கொண்டே போகிறது, கீழே பேஸ் சுரம் (தாழ்ந்த சுரம்) படிப்படியாக இறங்குகிறது. மேலே ஒன்றும் பெரிதாக நகரவில்லை. அந்த இறக்கம்தான் பாட்டின் பயமே. வரிகளைப் புரிந்துகொள்ளாதவருக்கும் யாரோ எங்கேயோ இறங்கிப் போகிறார் என்பது தெரிந்துவிடும்.

அடுத்தது 1997இல் வந்த ‘ஈதர்/ஆர்’ ஆல்பத்தின் ‘பிட்வீன் தி பார்ஸ்’. இணையத்தில் கிடைக்கிற கார்டுகளை (chord, சேர்த்து ஒலிக்கும் சுரக்கூட்டு) பார்த்து வாசித்துவிட்டு “அந்த மாதிரி வரவில்லையே” என்பவர்கள் முதலில் ஆறு கம்பியையும் ஒரு முழுச் சுரம் இறக்கிப் பாருங்கள். கம்பி தளர்ந்ததும் ஒலியும் தளர்ந்து கனமாகிறது. மூன்று எண்ணிக்கைத் தாளம், தாலாட்டு வேகம். பாடுவது யார் என்று கவனித்தீர்களா? மதுவே குடிப்பவனிடம் பேசுகிறது என்றுதான் நான் கேட்கிறேன். இன்னும் கொஞ்சம் குடி, நான் பார்த்துக்கொள்கிறேன் என்று அவ்வளவு அன்பாக. அந்த அன்புக்குத்தான் அந்தத் தாளம்.

அவரைப் பற்றி எழுதுகிறவர்கள் கிசுகிசுக் குரலிலேயே நின்றுவிடுகிறார்கள். கார்டு நகர்வுகளைப் பாருங்கள் ஐயா! ஒரு வரிக்குள் நான்கைந்து கார்டு மாறும், ஆனால் மாறியதே தெரியாது. பீட்டில்ஸைக் கரைத்துக் குடித்தவர் அவர். ‘அமெரிக்கன் பியூட்டி’ படத்தின் முடிவில் வரும் ‘பிகாஸ்’ என்ற பீட்டில்ஸ் பாட்டு அவர் பாடியதுதான்.

கோடைமழை எழுதியது:

நான் பாடகி ஃபீபி பிரிட்ஜர்ஸ் வழியாக வந்தேன். 2020இல் வந்த அவருடைய ‘பனிஷர்’ பாட்டு எலியட் ஸ்மித்தை நினைத்து எழுதியது என்று படித்துவிட்டுத் தேடினேன். என் தோழி பாடகர் ஃபிராங்க் ஓஷன் வழியாக வந்தாள், அவருடைய ‘சீக்ஃபிரீட்’ பாட்டில் இவருடைய வரிகள் இருக்கின்றன.

சிற்றலை அண்ணா, ஒரு கேள்வி. சாவை வைத்துப் படிக்காதே என்கிறீர்கள், சரி. ஆனால் பாட்டு முழுக்க போதை, தனிமை, தன்மேல் வெறுப்பு. இதெல்லாம் அவருடைய டைரி இல்லையா? டைரியாக இருந்தால் அவர் வாழ்க்கையை விட்டுவிட்டு எப்படிக் கேட்பது?

சிற்றலை எழுதியது:

வாங்க கோடைமழை. நல்ல கேள்வி, இந்த இழைக்கே இதுதான் முக்கியமான கேள்வி.

வாழ்க்கை பாட்டில் இல்லை என்று நான் சொல்லவில்லை. டைரியில் தோன்றியதை எழுதிவிட்டுப் போகலாம், பாட்டில் அது நடக்காது என்கிறேன். இரண்டாவது ஆல்பத்தின் போதைப் பாட்டுகளைப் பற்றி அவரே பேட்டிகளில் விளக்கியிருக்கிறார்: போதையை ஒரு வாகனமாக எடுத்துக்கொண்டு, தன் காலில் நிற்க முடியாமல் எதையாவது சார்ந்து கிடக்கிற நிலையைப் பேசியதாக. அது மனிதர்மேல் உள்ள சார்பாகவும் இருக்கலாம்.

1998இல் வந்த ‘எக்ஸ்ஓ’ ஆல்பத்தின் ‘வால்ட்ஸ் நம்பர் 2’ஐ எடுங்கள். டெக்சாஸ் வீட்டின் கதை அதில்தான் இருக்கிறது என்று பெரும்பாலானோர் சொல்கிறார்கள், நானும் அப்படியே நினைக்கிறேன். ஆனால் எப்படிச் சொல்கிறார்? ஒரு கரோக்கி பார். மைக்கைப் பிடித்து ஒரு பெண் பழைய எவர்லி பிரதர்ஸ் பாட்டைப் பாடுகிறாள். அப்புறம் பழிக்குப் பழியாக இன்னொரு பழைய பாட்டு வருகிறது. கணவன் மனைவிக்கு நடுவில் இருக்கிற கசப்பு முழுதும் மற்றவர்கள் எழுதிய பாட்டுகளின் பெயரிலேயே வெளிப்பட்டுவிடுகிறது. ஒரு வசவு இல்லை, அழுகை இல்லை. ஓரமாக ஒருவன் இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருக்கிறான். டைரியில் எழுதுகிறவன் “எனக்கு வலித்தது” என்று எழுதுவான். இவர் ஒரு கடையைக் கட்டி, விளக்குப் போட்டு, இரண்டு பேரை உள்ளே அனுப்புகிறார்.

அந்தத் தூரம் இருப்பதால்தான் நாம் எல்லோரும் அதற்குள் போய் உட்கார முடிகிறது.

ஒலிக்கூடம் எழுதியது:

நான் ரெக்கார்டிங் வேலை பார்ப்பவன், அந்தப் பக்கத்திலிருந்து ஒரு விஷயம்.

அவர் குரல் ஏன் காதுக்குள் இருந்து வருவது போல இருக்கிறது? ஹெட்ஃபோன் போட்டுக் கேளுங்கள். அது ஒரு குரல் இல்லை, இரண்டு. ஒரே வரியை இரண்டு தடவை பாடி, ஒன்றின்மேல் ஒன்றாக வைத்திருக்கிறார். டபுள் டிராக்கிங். கிட்டாருக்கும் பல இடங்களில் இதே வேலைதான், இடது காதில் ஒன்று, வலது காதில் ஒன்று.

இதற்கு ஒரு முன்கதை உண்டு. பீட்டில்ஸ் காலத்தில் ஜான் லெனனுக்கு ஒரே வரியைத் திரும்பப் பாடுவது சலிப்பு. அதனால் 1966இல் அபே ரோடு ஸ்டுடியோவில் கென் டவுன்சென்ட் என்ற பொறியாளர் டேப்பை வைத்தே குரலை இரட்டிப்பாக்கும் முறையைக் கண்டுபிடித்தார். அதற்கப்புறம் உலகத்தில் பாதிப் பேர் பொத்தானை அழுத்திக் குரலை இரட்டிப்பாக்குகிறார்கள். ஸ்மித் கையாலேயே செய்தார். கிசுகிசுப்பாக, மைக்குக்கு ஒட்டினாற்போலப் பாடி, மூச்சு விடும் இடம் உட்பட இரண்டாவது தடவையும் அதே மாதிரி பாடுவது எவ்வளவு கஷ்டம் என்று பாடிப் பார்த்தவருக்குத் தெரியும். பெரும்பாலும் பொருந்தும், சில சொற்களின் விளிம்பில் மட்டும் ஒரு நூலளவு விலகும். அந்த நூலளவு விலகலில்தான் நமக்குச் சிலிர்க்கிறது.

மனம் உடைந்து தானாக வழிந்த பாட்டு என்று சொல்கிறவர்களுக்கு இதைத்தான் பதிலாகச் சொல்வேன். அதே உணர்ச்சியை அச்சுப் பிசகாமல் இரண்டாவது முறை பாடுவது முழுக்கவே பயிற்சி.

மேற்குமாசி எழுதியது:

எல்லாம் சரி. நான் வேறு பக்கம் நிற்கிறேன்.

என்னைப் பொறுத்தவரை எலியட் ஸ்மித் ‘ஈதர்/ஆர்’ ஆல்பத்தோடு முடிந்துவிட்டார். ஒலிம்பியாவின் கில் ராக் ஸ்டார்ஸ் நிறுவனத்தில் வந்த இரண்டு ஆல்பங்களிலும் அறை கேட்கிறது, விரல் கம்பியில் வழுக்குவது கேட்கிறது. டிரீம்வொர்க்ஸ் என்ற பெரிய நிறுவனத்துக்குப் போனதும் வயலின், பியானோ, அடுக்கடுக்காகக் குரல். ‘ஃபிகர் 8’ கேட்கும்போது நல்ல பாட்டுகளுக்கு மேல் வார்னிஷ் அடித்து வைத்திருக்கிறார்கள் என்றே தோன்றுகிறது. ‘ஈதர்/ஆர்’ ஆல்பத்திலேயே ‘ஏஞ்சலஸ்’ என்று ஒரு பாட்டு இருக்கிறது. பணத்தைக் காட்டி ஆசை காட்டுகிற குரலைப் பற்றிய பாட்டு. அந்தக் குரல் பேசியதைப் பாட்டாக எழுதியவர் ஏன் அந்த லாஸ் ஏஞ்சலஸுக்கே போனார்?

ஒலிக்கூடம் எழுதியது:

மேற்குமாசி சார், மரியாதையோடு மறுக்கிறேன்.

நான்கு டிராக்கில் பதிந்தது கொள்கைக்காக இல்லை. கையில் இருந்தது அதுதான். ‘ஈதர்/ஆர்’ ஆல்பத்திலேயே டிரம்ஸ், பேஸ், கீபோர்டு எல்லாவற்றையும் தானே வாசித்து அடுக்க ஆரம்பித்துவிட்டார். அந்த ஆல்பத்தின் தடங்களைக் கலந்து மிக்ஸ் செய்த டாம் ராத்ராக், ராப் ஷ்னாஃப் இருவரும்தான் ‘எக்ஸ்ஓ’விலும் அவரோடு வேலை செய்தார்கள். ஆட்கள் மாறவில்லை, டிராக் எண்ணிக்கைதான் கூடியது.

‘எக்ஸ்ஓ’வின் கடைசிப் பாட்டு ‘ஐ டிடின்ட் அண்டர்ஸ்டாண்ட்’ கேட்டீர்களா? ஒரு கருவிகூட இல்லை. முழுக்க அவருடைய குரலே, அடுக்கி அடுக்கி. பெரிய ஸ்டுடியோ கிடைத்ததும் ஒருவர் கடைசியில் போய்ச் சேர்ந்த இடம் தன் குரல் மட்டும்தான் என்றால், அதை வார்னிஷ் என்று எப்படிச் சொல்வது?

மேற்குமாசி எழுதியது:

அந்தப் பாட்டைப் பொறுத்தவரை ஒப்புக்கொள்கிறேன். ‘ஃபிகர் 8’ பற்றி என் கருத்து அப்படியேதான்.

ஆறாம் கம்பி எழுதியது:

‘ஃபிகர் 8’ ஆல்பத்தில் ‘சம்படி தட் ஐ யூஸ்ட் டு நோ’ என்று ஒரு பாட்டு. அக்கூஸ்டிக் கிட்டார், குரல், அவ்வளவுதான். அதையும் ஒரு தடவை கேட்டுவிட்டுச் சொல்லுங்கள் சார்.

தூறல் எழுதியது:

ஆஸ்கர் மேடையில் பாடியவர் இவர்தானே? வெள்ளை உடையில் கிட்டாரோடு நிற்கும் படம் பார்த்திருக்கிறேன். அது எப்படி நடந்தது?

சிற்றலை எழுதியது:

ஆமாம் தூறல், அவரேதான். இயக்குநர் கஸ் வான் சான்ட்டும் போர்ட்லாந்துக்காரர்தான். ‘குட் வில் ஹண்டிங்’ படத்தில் ஸ்மித்தின் பழைய பாட்டுகளைப் பயன்படுத்தினார்: ‘பிட்வீன் தி பார்ஸ்’, ‘ஏஞ்சலஸ்’, ‘சே யெஸ்’, ‘நோ நேம் 3’. அவற்றோடு ‘மிஸ் மிசரி’யும் சேர்ந்தது. அந்தப் பாட்டுக்குத்தான் பரிந்துரை கிடைத்தது.

1998 மார்ச் 23, லாஸ் ஏஞ்சலஸின் ஷ்ரைன் அரங்கம். அவருக்கு அங்கே பாட விருப்பமில்லை. நீங்கள் பாடாவிட்டால் வேறு யாரையாவது வைத்துப் பாட வைப்போம் என்று சொன்னதால்தான் ஒப்புக்கொண்டார் என்பது அவர் பின்னால் சொன்னது. பாட்டை வெட்டிச் சுருக்கி, ஆர்க்கெஸ்ட்ராவோடு பாடினார். போட்டியில் இருந்தது ‘டைட்டானிக்’ பாட்டு, யார் ஜெயித்தது என்று சொல்லவே வேண்டாம்.

எல்லோரும் இதை ஒரு பரிதாபக் காட்சியாகச் சொல்வார்கள், ஏதோ வழி தவறி வந்தவர் மேடையில் மாட்டிக்கொண்டது போல. நான் அந்த ஒளிப்பதிவை அப்படிப் பார்க்கவில்லை. கண்ணை எங்கும் ஓட்டாமல், சுருதி பிசகாமல், தன் பாட்டைத் தன் அளவிலேயே பாடிவிட்டு இறங்குகிறார். அரங்கத்துக்காகக் குரலை ஒரு துளிகூட உயர்த்தவில்லை. ‘டைட்டானிக்’ பாட்டைப் பாடிய செலின் டியான் தன்னிடம் மிகவும் அன்பாக நடந்துகொண்டார் என்று அதற்கப்புறம் அவர் சொல்லியிருக்கிறார். டியானைக் கிண்டல் செய்கிறவர்களிடம் டியானுக்காகப் பரிந்தும் பேசியிருக்கிறார்.

இன்னொன்றையும் பாருங்கள். இவ்வளவு பேர் பார்த்த பிறகும் ‘எக்ஸ்ஓ’ பில்போர்டு என்ற அமெரிக்க ஆல்பம் விற்பனைப் பட்டியலில் 104க்கு மேல் ஏறவில்லை. ‘ஃபிகர் 8’ 99ஆம் இடம். ஆக, அந்த மேடை அவரைப் பெரிய நட்சத்திரமாக்கிவிட்டது என்ற கதையும் முழு உண்மை இல்லை.

கோடைமழை எழுதியது:

இங்கிலாந்துப் பாடகர் நிக் டிரேக்கோடு ஒப்பிடுகிறார்களே, அது சரியா?

சிற்றலை எழுதியது:

மெதுவான குரல், விரலால் மீட்டும் கிட்டார், இளம் வயதில் மரணம். இந்த மூன்றும் பொருந்துகின்றன, அதோடு நின்றுவிடுகிறது. நிக் டிரேக் 1969க்கும் 1972க்கும் நடுவில் மூன்று ஆல்பம் தந்தார், மேடை ஏறியது மிகக் குறைவு. ஸ்மித் குழுவில் வளர்ந்தவர், ஊர் ஊராகப் போய் வாசித்தவர். ‘எக்ஸ்ஓ’ சமயத்தில் குவாசி குழுவின் சாம் கூம்ஸ், ஜேனட் வைஸ் இருவரும் மேடையில் அவருக்குப் பின்னால் வாசித்தார்கள். கூம்ஸ் முன்பு ஹீட்மைசரில் பேஸ் வாசித்தவர். சிநேகிதர்களோடு சேர்ந்து வாசிப்பதை வாழ்க்கை முழுதும் தேடிய மனிதர் அவர். போர்ட்லாந்தில் லாரி கிரேன் ‘ஜாக்பாட்’ ஸ்டுடியோவைக் கட்டியபோது இவரும் கூடநின்று கட்டிக்கொடுத்தார். அறைக்குள் பூட்டிக்கொண்ட தனியன் என்ற படம் இவருக்குப் பொருந்தாது.

நெறியாளர்:

மரணம் பற்றிய ஊகங்கள் அடங்கிய பதிவுகளை நீக்கியிருக்கிறோம். இழையின் தலைப்பை மதிக்கவும்.

சிற்றலை எழுதியது:

நன்றி. பதிவில் இருப்பதை ஒரே தடவை சொல்லிவிடுகிறேன்: 2003 அக்டோபர் 21, லாஸ் ஏஞ்சலஸ், வயது 34, மார்பில் கத்திக் காயம். தற்கொலையா கொலையா என்று மருத்துவ ஆய்வு அறிக்கை முடிவு சொல்லவில்லை. அதற்கு மேல் தெரியாததை வைத்து உயிரோடு இருப்பவர்கள்மேல் பழி போடுவதற்கு நாம் யார்? அவரை நேசித்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள், இந்தப் பேச்சையெல்லாம் படிக்கிறார்கள்.

அவர் வேலை செய்துகொண்டிருந்தது ‘ஃப்ரம் எ பேஸ்மென்ட் ஆன் தி ஹில்’ ஆல்பத்தில். ராப் ஷ்னாஃபும் ஜோவானா போல்மும் அதை முடித்து 2004இல் வெளியே கொண்டுவந்தார்கள். அது அதே பில்போர்டு பட்டியலில் 19ஆம் இடத்துக்கு ஏறியது. உயிரோடு இருந்தபோது தொடாத உயரம். இதை எழுதும்போது எனக்குக் கோபம்தான் வருகிறது.

மேற்குமாசி எழுதியது:

முடிக்காத வேலையை மற்றவர்கள் முடிப்பது எனக்குச் சங்கடமாக இருக்கிறது. அவர் கலவையை எப்படி வைத்திருப்பார் என்று யாருக்குத் தெரியும்? கேட்கும்போது ஒவ்வொரு பாட்டிலும் இந்த முடிவு யாருடையது என்ற கேள்வி வருகிறது. ஆனால் 2007இல் வந்த ‘நியூ மூன்’ அப்படி இல்லை. 1994 முதல் 1997 வரை அவரே பதிந்து வைத்திருந்த 24 பாட்டுகள், லாரி கிரேன் கவனமாக எடுத்து ஒழுங்கு செய்தவை. வருமானத்தில் ஒரு பங்கு, போர்ட்லாந்தில் வீடில்லாத இளைஞர்களுக்காக நடக்கும் ‘அவுட்சைட் இன்’ அமைப்புக்குப் போனது. அதில் ‘மிஸ் மிசரி’யின் பழைய வடிவம் இருக்கிறது. ஆஸ்கர் மேடைக்கு முன்னால் அந்தப் பாட்டு எப்படி இருந்தது என்று தெரிந்துகொள்ள அதைக் கேளுங்கள்.

ஒலிக்கூடம் எழுதியது:

‘பேஸ்மென்ட்’ விஷயத்தில் உங்கள் சங்கடம் நியாயமானதுதான். ஆனால் முடித்தவர்கள் அவரோடு வருடக்கணக்கில் வேலை செய்தவர்கள், அவர் காது எப்படிப்பட்டது என்று தெரிந்தவர்கள். அவர்கள் செய்யாமல் விட்டிருந்தால் ‘எ ஃபாண்ட் ஃபேர்வெல்’ நமக்குக் கிடைத்திருக்காது. கோடைமழையின் தோழி கேட்ட ஃபிராங்க் ஓஷன் வரிகள் இந்தப் பாட்டிலிருந்துதான் போயின.

கோடைமழை எழுதியது:

இதையெல்லாம் படித்துவிட்டு நேற்று ‘ஈதர்/ஆர்’ ஆல்பத்தை ஹெட்ஃபோனில் வரிசையாகக் கேட்டேன். இரண்டு குரல் இருப்பது இப்போது நன்றாகவே தெரிகிறது! கடைசிப் பாட்டு ‘சே யெஸ்’ வந்ததும் ஆச்சரியமாக இருந்தது, இவ்வளவு இருட்டுக்கு அப்புறம் நேரடியான ஒரு காதல் பாட்டு. பிரிவுதான், ஆனாலும் நம்பிக்கை இருக்கிறது. இதைப் பற்றி ஏன் யாரும் பேசவில்லை?

ஆறாம் கம்பி எழுதியது:

பேசலாம் கோடைமழை. அந்தப் பாட்டு இரண்டரை நிமிடம்கூட இல்லை. கிட்டாரையும் குரலையும் தவிர வேறொன்றும் கிடையாது. கார்டு ஒரு இடத்தில் நிற்பதே இல்லை, பேஸ் சுரம் அவருடைய மெட்டோடு கூடவே நடந்து வருகிறது. இதை வாசிக்கப் பழகினால் அவருடைய பாதிப் பாட்டுகள் கைக்கு வந்துவிடும். கிட்டார் வைத்திருக்கிறீர்களா?

கோடைமழை எழுதியது:

அண்ணனுடையது இருக்கிறது. ஒரு கம்பி இல்லை.

ஆறாம் கம்பி எழுதியது:

கம்பியை மாற்றிவிட்டு வாருங்கள். கார்டுகளை நான் எழுதி இங்கேயே போடுகிறேன். அதற்குள் 1995 ஆல்பத்தின் 25ஆம் ஆண்டுப் பதிப்பைக் கேட்டுவிடுங்கள், அதில் 1994இல் அம்ப்ரா பெனம்ப்ரா என்ற போர்ட்லாந்து காஃபிக் கடையில் வாசித்தது முழுதாக இருக்கிறது. அங்கே டபுள் டிராக்கிங் கிடையாது, ஒரே குரல்தான். ஒலிக்கூடம் சொன்னதை அதோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம்.